ஆரம்பித்த தேதி

அம்மாவின் கடிதம் மூன்று புகைப்படங்களாகக் கைபேசியில் வந்து விழுந்தபோது அவள் ஆய்வகத்தின் சாப்பாட்டு அறையில் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டு எடுத்துப் பார்த்தாள். கோடு போட்ட தாள். ஓரம் விட்டு, தேதி போட்டு, 'பெருமதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா அவர்களுக்கு' என்று ஆரம்பித்திருந்தாள் அம்மா. பள்ளிக்கூடத்துக்கு விடுப்பு விண்ணப்பம் எழுதித் தருகிற அதே தோரணை. முதல் தாளின் மேல் ஓரத்தில் அம்மாவின் கட்டைவிரல் நிழல் விழுந்திருந்தது.

அவள் அங்கே வந்து பத்தொன்பது நாள்தான் ஆகியிருந்தது. நோய்க்கூறியல் மேற்படிப்பு மாணவி. எட்டு வாரப் பயிற்சிக்காக வெளிநாட்டுக்கு வந்திருந்தாள். மூளையில் வரும் நோய்களை ஆராய்கிற இடம் அது. இறந்தவர்களின் மூளையிலிருந்து எடுத்த துண்டுகளை மெழுகில் பதித்து, சீவி, கண்ணாடித் தகடுகளில் ஒட்டி, எண் போட்டு, ஆள் உயர அலமாரிகளின் மெல்லிய இழுப்பறைகளில் அடுக்கி வைத்திருந்தார்கள். பல நாடுகளிலிருந்து வந்து சேர்ந்தவை. ஏறத்தாழ நாலாயிரம் பேர். அதில் ஒருவர் அவளுடைய அப்பா.

எட்டு வருடங்களுக்கு முன் அப்பா இறந்த காலையில் மருத்துவர் அம்மாவை நடைபாதைக்குக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டிருக்கிறார். இந்த நோய் அபூர்வமானது, மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுத்தால் நாலு பேருக்கு உதவும், பாதி இங்கேயே இருக்கும், மீதியை வெளிநாட்டுக்கு அனுப்புவோம் என்று. அம்மா அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டாள். சித்தப்பாவிடம் சொல்லவில்லை, அத்தையிடம் சொல்லவில்லை. உடலைத் தலையில் வெள்ளைத் துணி சுற்றிக் கொடுத்தது ஏன் என்று யாரும் கேட்கவுமில்லை. அவளிடமே அம்மா சொன்னது இரண்டு வருடம் கழித்து, வெங்காயம் உரித்துக்கொண்டே.

"முழுசா அனுப்பலடி நான் அவர."

அதற்குப் பிறகுதான் அம்மா மத்தியானங்களில் படுப்பதை நிறுத்தியிருந்தது ஏன் என்று அவளுக்குப் புரிந்தது. கண் அசந்தால் அப்பா வாசல்வரை வருகிறார். உள்ளே வருவதில்லை. செருப்பைக் கழற்றுவதுமில்லை. எதையோ கேட்க வந்தவர் மாதிரி நின்றுவிட்டுப் போய்விடுகிறார். "என்ன வேணும்னு கேளேம்மா" என்று இவள் ஒருமுறை சொன்னதற்கு, "நான் கேக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, அதனாலதான் வாய் வர மாட்டேங்குது" என்றாள் அம்மா. அது என்னவென்று சொல்லவில்லை.

பயிற்சிக்கு இந்த ஆய்வகத்தை அவள் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தாள் என்று சொல்லிவிட முடியாது. பட்டியலில் இருந்த ஆறு இடங்களில் இதன் பெயரைப் பார்த்ததும் மற்ற ஐந்தும் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். கிளம்புகிற அன்று பெட்டியின் மேல் உட்கார்ந்து அதை மூட உதவிக்கொண்டே அம்மா கேட்டாள். "அங்க இருக்காராடி இன்னும்? இருந்தா பாத்துட்டு வா." ஏதோ பக்கத்துத் தெருவில் வேலைக்குப் போயிருப்பவரைப் பார்த்துவரச் சொல்கிற மாதிரி இருந்தது.

வந்த இரண்டாவது வாரம் அவள் ஆய்வகத்தை நடத்துகிற பேராசிரியையிடம் போய் அப்பாவைப் பற்றிச் சொல்லிவிட்டாள். நரைத்த முடியை ஆண்பிள்ளைபோல வெட்டியிருந்த, எப்போதும் ஒரே பச்சைக் கம்பளிச்சட்டை போடுகிற அம்மாள். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"குடும்பத்துக்குக் கேக்கற உரிமை இருக்கு. ஆனா கையெழுத்துப் போட்டது உங்க அம்மா. அவங்க எழுதித் தரணும். என்ன தெரிஞ்சுக்கணும்னு அவங்க வாயால சொல்லட்டும். எந்த மொழியா இருந்தாலும் சரி. நீ மொழிபெயர்த்துக் கொடு."

ஒன்றை மட்டும் அப்போதே சொன்னார். "உங்களுக்கு வர்ற வகை இல்ல அது. பரம்பரையா வர்றதான்னு அன்னைக்கே பாத்திருக்கோம். அறிக்கைல இருக்கு."

அதை அவள் கேட்கவே இல்லை. கேட்கத் தோன்றாதது அவளுக்கே வியப்பாக இருந்தது.

இப்போது சாப்பாட்டு அறையில், யாரோ சூடாக்கிவிட்டு மறந்துபோன சூப்பின் வாசனைக்கு நடுவே, கடிதத்தைப் பெரிதாக்கிப் படித்தாள்.

'என் கணவரை இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருப்பதற்கு நன்றி. என் மகள் அங்கே வந்திருக்கிறாள். அவளுக்குச் சீக்கிரம் சளி பிடிக்கும், கவனித்துக்கொள்ளவும்.' இந்த வரியை மொழிபெயர்ப்பில் விட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். 'அவர் கடைசிக் காலத்தில் செய்தது எல்லாம் நோய் என்று மருத்துவர் எனக்கு விளக்கினார். கடையில் சொல்லாமல் எடுத்தது, துக்க வீட்டில் சிரித்தது, என்னை அடித்தது எதிலும் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அதற்கெல்லாம் ரொம்ப முன்னால், பதினேழு வருடங்களுக்கு முன்பு, பள்ளிக்கூடம் திறந்த வாரம், நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, உன்னை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை என்று சொன்னார். கோபத்தில் சொல்லவில்லை. சண்டை எதுவும் இல்லை. சொல்லிவிட்டுச் சாப்பாடு போடச் சொன்னார். அப்போதே நோய் இருந்ததா, இல்லை அவராகத்தான் சொன்னாரா என்று பார்த்துச் சொல்லவும். எதுவானாலும் பரவாயில்லை.'

கடைசி வரியை அம்மா ஒருமுறை அடித்துவிட்டு மறுபடி எழுதியிருந்தாள்.

அவள் கைபேசியை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். பதினேழு வருடம் இந்த ஒரு வாக்கியத்தோடு அம்மா சமைத்திருக்கிறாள். அவருக்குச் சவரம் செய்துவிட்டிருக்கிறாள். வாய் துடைத்திருக்கிறாள். மலச்சிக்கலுக்கு மருந்து கொடுத்துவிட்டு அது வேலை செய்கிறதா என்று கதவருகில் காத்திருக்கிறாள். ஒருநாள்கூட மகளிடம் மூச்சு விட்டதில்லை. 'பிடித்ததில்லை' என்பதை எப்படி மொழிபெயர்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. நேசித்ததில்லை என்றால் அது சினிமா வசனம்போல இருந்தது. விரும்பியதில்லை என்றால் காய்கறியைச் சொல்வதுபோல இருந்தது. நாலு தரம் எழுதி, நாலு தரம் அடித்தாள்.

அதைவிட அவளைத் தொந்தரவு செய்தது வருடம். பதினேழு வருடத்துக்கு முன் என்றால் அவளுக்கு ஒன்பது வயது. அந்த வருடத்தில் அப்பா அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியாது. அவளுக்குத் தெரிந்த அப்பா அந்த வருடத்து அப்பாதான்.

அதற்கு முன்னால் இருந்தவரை அவளுக்கு அதிகம் நினைவில்லை. தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கிற வேலை. சக ஊழியர்கள் வைத்த பெயர் 'கறார்'. வீட்டில் பென்சில்கள் எல்லாம் ஒரே நீளத்தில் சீவியிருக்க வேண்டும். அவர் வருகிற சத்தம் கேட்டால் அவள் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். அப்புறம் ஒரு நாள், என்ன ஏது என்று தெரியாமல், அவர் மாறினார். வேலைக்குப் போகாமல் பாதி வழியில் திரும்பிவந்து, பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வயிற்றுவலி என்று பொய் சொல்லி வகுப்பிலிருந்து கூட்டிக்கொண்டு போனார். மேம்பாலத்தில் நின்று கீழே போகும் சரக்கு ரயிலின் ஒவ்வொரு பெட்டிக்கும் சொந்தக்காரர்கள் பெயரை வைத்தார். "அதோ உங்க அத்த வர்றா பாரு, எவ்ளோ அகலம்!" ஒரே மத்தியானத்தில் ஆளுக்கு மூன்று ஐஸ்கிரீம். அவளுடைய புத்தகப்பையைத் தன் முதுகில் மாட்டிக்கொண்டு கடைத்தெருவில் உரக்கப் பாடினார். மழையில் மொட்டைமாடியில் இரண்டு பேரும் ஆடினார்கள், வழுக்கி விழுந்து அவர் முழங்கை சிராய்த்து, அதற்கும் சிரித்தார். வகுப்பில் வேறு யாருக்கும் அப்படி ஒரு அப்பா கிடையாது. பின்னால் வந்த அத்தனை கண்றாவிகளையும் அந்த ஒரு வருடத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் தாண்டினாள்.

அம்மாவின் கடிதம் வந்துவிட்டதென்று சொல்லிப் பேராசிரியையிடம் அனுமதி வாங்கியதும், அப்பாவின் தகடுகளை எடுத்துத் தந்தவர் அலமாரிகளைக் கவனித்துக்கொள்கிற தொழில்நுட்பர். ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசாத நெட்டை மனிதர். அவள் மனதுக்குள் அவருக்கு மௌனசாமி என்று பெயர் வைத்திருந்தாள், அம்மாவிடம் தொலைபேசியில் அப்படித்தான் சொல்வாள். அட்டைத் தட்டில் பதினெட்டுத் தகடுகள் கொண்டுவந்து நுண்ணோக்கிக்குப் பக்கத்தில் வைத்தார். போய்விடுவார் என்று நினைத்தாள். போகவில்லை.

"வேற யாரோடதோன்னு நெனச்சுப் பாரு. அப்பதான் கண்ணுக்குத் தெரியும்," என்றார். பிறகு, "நான் அந்தப் பக்கம்தான் இருப்பேன்," என்று நகர்ந்தார்.

முதல் தகட்டை வைத்துக் குவித்தாள். இளஞ்சிவப்பும் ஊதாவும். இந்த மூன்று வாரத்தில் இப்படி எத்தனையோ பார்த்துவிட்டாள். நெற்றிக்குப் பின்னால் இருக்கிற பகுதி. நெருக்கமாக இருக்க வேண்டிய செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன. நடுவே ஓட்டை ஓட்டையாக, பூச்சி அரித்த துணி மாதிரி. சிறப்புச் சாயம் ஏற்றிய அடுத்த தகட்டில், மிச்சமிருந்த செல்களுக்குள் பழுப்பு உருண்டைகள், ஒவ்வொன்றும் ஒரே அளவில், வழவழப்பாக. பாடப்புத்தகத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டுகிற உருண்டைகள். தேர்வில் வந்தால் முழு மதிப்பெண். அவள் தகட்டை மெல்ல நகர்த்திக்கொண்டே போனாள். எதையோ தேடுகிறோம் என்று தெரிந்தது, எதை என்று தெரியவில்லை. ஓரிடத்தில் ஐந்தாறு செல்கள் எந்தச் சேதமும் இல்லாமல் கூட்டமாக நின்றன. அதற்கு மேல் தகட்டை நகர்த்தவில்லை. ரொம்ப நேரம் அங்கேயே நின்றாள். கழுத்து வலித்தது. நிமிர்ந்தபோது, நுழைவாயிலில் செருப்போடு யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. சட்டென்று திரும்பினாள். கதவு சும்மாதான் திறந்திருந்தது. அறையின் மறுகோடியில் மௌனசாமி முதுகைக் காட்டிக்கொண்டு சீட்டுகளில் எண் எழுதிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பேராசிரியையின் அறையில், மொழிபெயர்ப்பை அவர் இரண்டு தரம் படித்தார். சளி பிடிக்கும் வரியும் அதில் இருந்தது. கடைசி நேரத்தில் அவளுக்கு அதை விட மனம் வரவில்லை.

"நல்லா எழுதறாங்க உங்க அம்மா," என்றார். "ஆனா இதுக்குத் தகட்டுல பதில் கிடையாது. எப்படி முடிஞ்சுதுன்னு அது சொல்லும். என்னைக்கு ஆரம்பிச்சுதுன்னு சொல்லாது. சாவுக்கு ஒம்போது வருஷம் முன்னாடின்னா, இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம்."

"அவ்வளவுதானா?"

"இன்னொரு வழி இருக்கு." மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். "வீட்ல இருந்தவங்க சொல்றத வச்சுக் கணக்குப் போடறது. அந்த வருஷம் அவர் நடத்தைல வேற ஏதாவது மாற்றம் இருந்துச்சா? ஒரு வார்த்தைய மட்டும் வச்சு எதுவும் சொல்ல முடியாது. கூடவே வேற ரெண்டு மூணு இருந்தா சொல்லலாம்."

படிவம் தலைகீழாகத் தெரிந்தாலும் அவளால் படிக்க முடிந்தது. வரிசையாகச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு அறிகுறி: கட்டுப்பாடில்லாமல் நடந்துகொள்வது, இனிப்பின் மேல் திடீர் ஆசை. இரண்டாவது வரியிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. மூன்றாண்டுகளாக அவள் இந்த நோயைப் படிக்கிறாள். அறிகுறிகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். ஒருதடவைகூட அந்த ஒன்பதாவது வயதுக்குப் பக்கத்தில் அவற்றைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்ததில்லை. வைக்காமல் இருக்க எவ்வளவு கவனமாக இருந்திருக்கிறாள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

"நினைவில்லேன்னா தெரியாதுன்னு எழுதிடறேன்," என்றார் பேராசிரியை. அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். "அதுல ஒண்ணும் தப்பில்ல. நெறைய பேரு அப்படித்தான் சொல்வாங்க."

ஜன்னலுக்கு வெளியே வாகனம் நிறுத்துமிடத்தில் ஒருவர் காரைப் பின்னால் எடுக்க, இன்னொருவர் கையைக் காட்டி வழி சொல்லிக்கொண்டிருந்தார். வா, வா, வா, நில். அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாம் இருந்தபடி இருக்கும். அம்மாவும் இருந்தபடி இருப்பாள், மத்தியானம் தூங்காமல், அந்த வாக்கியத்தோடு.

"வேலைக்கு ஒழுங்காப் போகல அந்த வருஷம்," என்றாள்.

பேனா ஒரு கட்டத்தில் குறி போட்டது.

"ஸ்கூல்ல பொய் சொல்லி என்னக் கூட்டிட்டுப் போவாரு."

இன்னொன்று.

"இனிப்பு. ஐஸ்கிரீம். ஒரே நேரத்துல மூணு. அதுக்கு முன்னாடி வீட்ல சர்க்கரையே அளந்துதான் போடுவாரு." கனைத்துக்கொண்டாள். "கடைத்தெருவுல பாடுவாரு. மழையில ஆடுவாரு. எல்லாத்துக்கும் சிரிப்பாரு. கீழ விழுந்து ரத்தம் வந்தப்பகூட."

பேராசிரியை எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "உனக்கு அப்ப என்ன வயசு?"

"ஒம்போது."

"சந்தோஷமா இருந்தியா?"

"ம்."

அந்த அம்மாள் படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார், அதற்கும் ஏதாவது இடம் இருக்கும் என்பதுபோல. பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "இத்தனையும் ஒரே வருஷத்துலன்னா, அப்பவே ஆரம்பிச்சிருச்சுன்னுதான் எடுத்துக்கணும். உறுதியாவே சொல்லலாம். உங்க அம்மாகிட்ட சொல்லு. வேணும்னா நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

கையெழுத்துப் போட்டும் கொடுத்தார். ஆரம்பித்த தேதி என்ற இடத்தில் வருடத்தை மட்டும் எழுதியிருந்தார்.

சாப்பாட்டு இடைவேளையில் படிக்கட்டில் உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிட்டாள். அங்கே சாயங்காலம். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது, பிறகு நின்றது.

"பாத்தேம்மா."

"இருக்காரா?"

"இருக்காரு. பத்திரமா இருக்காரு. பதினெட்டு கண்ணாடி."

"ம்."

"நீ கேட்டது... அப்பவே வியாதிதாம்மா. கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்காங்க. அவரா சொல்லல."

அம்மாவிடமிருந்து மூச்சு மட்டும் வந்தது. அது அழுகையா என்று இவள் கைபேசியைக் காதில் அழுத்திக்கொண்டு கேட்டாள். அழுகை மாதிரி இல்லை. பாரம் தூக்கிவந்தவர்கள் இறக்கி வைத்துவிட்டு, கை இன்னும் மரத்திருக்க, கொஞ்ச நேரம் நிற்பார்களே, அப்படி இருந்தது.

"பைத்தியக்காரி நான்," என்றாள் அம்மா கடைசியில். "பதினேழு வருஷம், ரசம் வைக்கும்போதெல்லாம், இது பிடிக்குமோ பிடிக்காதோன்னு... அந்த மனுஷன் பாவம், அவருக்கே தெரியாமச் சொல்லியிருக்காரு, நான்..." சிரித்தாள். அம்மாவுடைய அந்தச் சிரிப்பை இவள் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. "எப்படிடி கண்டுபிடிச்சாங்க? கண்ணாடில தெரிஞ்சுதா?"

"இல்ல. அந்த வருஷம் வேற என்ன மாற்றம் இருந்துச்சுன்னு கேட்டாங்க. நான் சொன்னேன்."

"நீ என்ன சொன்ன? உனக்கு என்ன தெரியும், சின்னப் பொண்ணு நீ, அந்த வருஷம் உங்கூடத்தான் அவரு எப்பப் பாத்தாலும்..."

அம்மா நிறுத்திவிட்டாள். படிக்கட்டின் கீழ்த்தளத்தில் யாரோ கதவைத் திறந்து மூடினார்கள். இவள் சுவரில் இருந்த ஒரு வெடிப்பை நகத்தால் கீறிக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, கண்ணு," என்றாள் அம்மா.

"பரவால்லம்மா."

"இல்லடி. அது வேற. எங்கிட்டச் சொன்னது வியாதி. உங்கூட இருந்தது அவருதான். சத்தியமா அவருதான்."

"சரிம்மா."

"நான் பாத்தவ சொல்றேன். உன்னத் தூக்கிட்டு மாடில ஆடினப்ப அந்த மூஞ்சியில..." அம்மா பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, யாரோ பக்கத்தில் இருப்பதுபோலக் கேட்டாள். "நீ தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லல?"

"நீ போய்க் கொஞ்ச நேரம் படும்மா," என்றாள் அவள். "நாளைக்குக் கூப்பிடறேன்."

அன்று மாலை ஐந்தரை மணி பஸ்ஸில் நல்ல கூட்டம். பின்னால் ஒரு இடம் கிடைத்தது. இரண்டு வரிசை முன்னால் நாற்பது வயதிருக்கும் ஒருவர், ஐந்தாறு வயதுப் பெண்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர்கள் பேசிய மொழி அவளுக்குப் புரியவில்லை. அவர் தன் கையுறையை மூக்கில் மாட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்தவருக்கு வணக்கம் வைத்தார். குழந்தை கெக்கலித்தது. நிறுத்துவதற்கான மணியைக் குழந்தையின் விரலைப் பிடித்து அழுத்தினார், நின்ற இடத்தில் இறங்கவில்லை. ஓட்டுநர் கண்ணாடியில் முறைத்தார். அதற்கு அவர் இன்னும் உரக்கச் சிரித்தார். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள், ஒரு பெண்மணி புன்னகைத்தாள். குழந்தை இன்னொரு தரம், இன்னொரு தரம் என்பதுபோல அவர் தாடையைப் பிடித்து இழுத்தது.

அவள் அந்த மனிதரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணோரச் சுருக்கம், சிரிப்பு முடிகிற இடம், முடிந்த பிறகு முகம் என்னவாகிறது என்பது. அவள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது, போனது. மூன்று நிறுத்தம் தள்ளி அவர்கள் இறங்கினார்கள். நடைபாதையில் அவர் குழந்தையின் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுத் தானும் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு பேரும் கைகோத்து, ஆட்களுக்கு நடுவே, பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தார்கள். பஸ் நகர்ந்தது. அவள் இருக்கையில் முழங்காலிட்டுத் திரும்பி, பின்கண்ணாடியில் முகம் வைத்துப் பார்த்தாள். மூச்சுப்பட்டுக் கண்ணாடி வெளுத்தது. கையால் துடைத்தாள். மறுபடி வெளுத்தது. துடைத்த இடத்தில் அந்த இரண்டு பேரும், சின்னதாகிக்கொண்டே, இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.